‘க்ன்’ என்றால் முடியும், ‘கேன்’ என்றால் முடியாது

2007-ல் நான் சென்னையில் ஒரு கால் சென்டரில் இரவு ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் ஓட்டல் அறை பதிவு செய்தவர்கள் கூப்பிட்டால் எடுத்துப் பேசுகிற வேலை. அருப்புக்கோட்டையில் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம் படித்தவள். ஆனாலும் ஆங்கில இலக்கணம் எனக்கு அத்துப்படி. சேர்ந்து மூன்றாவது மாதம் ஒரு வயதான அம்மா கூப்பிட்டார். வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, கிளம்ப முடியாது, அறையை ரத்து செய்தால் பணம் வருமா என்று கேட்டார். அன்றைக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் வரும். அதைத்தான் சொன்னேன்: “மேம், யூ கேன் கேன்சல் டுடே.” மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. “ஓ... ஓகே, ஹனி” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நாலு நாள் கழித்து அவருடைய மகள் கூப்பிட்டுக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அன்றைய பேச்சின் ஒலிப்பதிவை எடுத்து எனக்குப் போட்டுக் காட்டினார்கள். ‘முடியும்’ என்று நான் சொன்னது அந்த அம்மாவின் காதில் ‘முடியாது’ என்று விழுந்திருக்கிறது. பணத்தைப் பிறகு கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்த ‘ஓ’வை நான் மறக்கவில்லை. அவசரத்தில் விழுங்கிச் சொல்லியிருந்தால்கூட அவருக்குச் சரியாகப் புரிந்திருக்கும். நிறுத்தி, அழுத்தி, தெளிவாகச் சொன்னேன். அதில்தான் அர்த்தம் மாறிப்போனது.

அதற்கப்புறம் உச்சரிப்புப் பயிற்சி கொடுக்கிற பக்கம் போனேன். இப்போது மதுரையில் மாலை வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டு வேலைக்குத் தயாராகிற நர்ஸ் பிள்ளைகள். ஆங்கிலத்தில் சுருக்கிச் சொல்கிற சொற்களை வாயில் எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஸ்பெல்லிங்கைக் கண்ணால் பார்த்துவிட்டால் நாக்கு அதன் பின்னாலேயே போய்விடும், காது தூங்கிவிடும். அதனால் மனதுக்குள் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள்.

முதலில் ஒரு தயக்கத்தைத் தாண்ட வேண்டும். சுருக்கிப் பேசுவது அரைகுறைப் பேச்சு, முழுசாகச் சொல்வதுதான் நல்ல ஆங்கிலம் என்று பள்ளிக்கூடத்தில் நம் தலையில் ஏறியிருக்கிறது. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போன் போட்டு ‘நான் வந்துகொண்டிருக்கிறேன்’ என்று யாராவது சொல்கிறோமா? ‘வந்துட்ருக்கேன்’தான். ‘வரவில்லை’ என்பதை ‘வரல’ என்கிறோம், ‘வேண்டாம்’ என்பதை ‘வேணாம்’ என்கிறோம். படித்தவர் படிக்காதவர் எல்லாருக்கும் அதுதான் பேச்சு. ஆங்கிலத்திலும் அதே கதை. இப்படிச் சுருக்குவது மொழியைக் கெடுக்கிறது என்று எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் 1710-லேயே பத்திரிகையில் கடிந்து எழுதினார். அவருக்குப் பிறகு 300 வருஷமாக ஆங்கிலேயர்கள் சுருக்கித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இனி அந்தக் ‘கேன்’. நாம் தமிழ் பேசும்போது ஒவ்வொரு அசைக்கும் அதனதன் பங்கைக் கொடுத்துவிடுவோம். ஆங்கிலம் அப்படி இல்லை. சேதி தாங்குகிற சொல்லைத் தூக்கி நிறுத்தும். கூட ஒட்டிக்கொண்டு வருகிற குட்டிச் சொல்லை நசுக்கிவிடும். ‘கேன்’ ஒரு குட்டிச் சொல். வாக்கியத்துக்கு நடுவில் வரும்போது அதற்கு உயிரெழுத்தே இருக்காது: ‘ஐ க்ன் டூ இட்’. ‘க்’கிலிருந்து நேரே ‘ன்’னுக்குத் தாவிவிட வேண்டும். ஆனால் ‘நாட்’ வந்து ஒட்டிக்கொண்ட உடனே அதே சொல் நிமிர்ந்து உட்காரும்: ‘ஐ கேன்ட் டூ இட்’. இங்கே ‘கே’ நீளமாக, வாய் நன்றாகத் திறந்து வரும். கடைசி ‘ட்’ பெரும்பாலும் காதில் விழவே விழாது, அதிலும் அடுத்த சொல் க, ட, ப என்று தொடங்கினால். ‘முடியாது’ என்ற சேதி ‘ட்’டில் இல்லை, உயிரெழுத்தின் கனத்தில் இருக்கிறது. நான் சொன்ன ‘கேன் கேன்சல்’ அமெரிக்கக் காதுக்கு ‘கேன்ட் கேன்சல்’ என்பதோடு அச்சு அசலாகப் பொருந்தியது இதனால்தான்.

பழகுகிற முறை இது. மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். ‘ஐ க்ன் டூ இட்’ என்னும்போது தட்டு ஒன்றுதான், ‘டூ’ மேல் விழும். ‘ஐ கேன்ட் டூ இட்’ என்னும்போது தட்டு இரண்டு, ‘கேன்ட்’ மேல் ஒன்று, ‘டூ’ மேல் ஒன்று. பிறகு வாக்கியத்தை மாற்றுங்கள்: ‘யூ க்ன் ஈட் நவ்’, ‘யூ கேன்ட் ஈட் நவ்’. ‘ஷீ க்ன் வாக்’, ‘ஷீ கேன்ட் வாக்’. ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிற ஆளிடம் சாப்பிடலாமா கூடாதா என்று சொல்கிற வாக்கியம் என்பதால் என் பிள்ளைகளுக்கு இதை நூறு தடவை சொல்லவைப்பேன்.

‘கேன்’ முழுசாக ஒலிக்கிற இடம் இரண்டு உண்டு. வாக்கியம் அதோடு முடிந்தால்: ‘யெஸ், ஐ கேன்’. எதிராளி சொன்னதை மறுத்து அழுத்தினால்: ‘நோ நோ, யூ கேன் ஈட்’. மற்ற இடமெல்லாம் ‘க்ன்’தான். கேள்வியில் முதலில் வந்தாலும் ‘க்ன் யூ ஹியர் மீ?’

இங்கிலாந்தில் ‘முடியாது’ என்பதற்கு உயிரெழுத்தே வேறு. ‘கான்ட்’ என்று ஆகாரத்தை நீட்டுவார்கள். அதனால் குழப்பம் குறைவு. ஆனாலும் அங்கே ஒரு வார்டில் பிலிப்பைன்ஸ்காரர், நைஜீரியாக்காரர், நம் கேரளத்துப் பிள்ளைகள் என்று எல்லா ஊர் ஆங்கிலமும் நடமாடும். அதனால் இரண்டையும் காதுக்குப் பழக்குங்கள், வாய்க்கு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். போகிற நாட்டுக்கு எது பொருத்தமோ அது. இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்வேன்: பணம், மருந்து, உயிர் சம்பந்தப்பட்ட பேச்சில் ‘முடியாது, கூடாது’ என்றால் சுருக்கவே வேண்டாம். ‘கேனாட்’ என்று இரண்டு அசையாக முழுசாகச் சொல்லிவிடுங்கள். ஃபோனில் என்றால் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது நாக்கு படுகிற இடம். ‘டோண்ட்’, ‘கேண்ட்’, ‘டிடிண்ட்’ என்று எழுதுகிறோம் இல்லையா, அந்த மூன்று சுழி ‘ண்’தான் வில்லங்கம். ‘ண்’ணும் ‘ட்’டும் நாக்கை மேலே மடித்துச் சொல்கிற எழுத்துகள். ஆங்கிலத்தின் ஒலி அங்கே பிறப்பதில்லை. இரண்டு சுழி ‘ன்’ எங்கே பிறக்கிறதோ, மேல்பற்களுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கிற அந்த மேட்டில், நாக்கு நுனி நேராகப் போய்ப் பட வேண்டும். தொல்காப்பியம் பிறப்பியலில் டகார ணகாரத்துக்கு ஓர் இடமும், றகார னகாரத்துக்கு வேறோர் இடமும் சொல்லியிருக்கிறது. நமக்கு வேண்டியது அந்த இரண்டாவது இடம். ஈழத்துத் தமிழர்கள் இந்த வேறுபாட்டை இன்றும் கையில் வைத்திருக்கிறார்கள். நாம் டொரண்டோ என்று எழுதுவதை அவர்கள் ரொறன்ரோ என்று எழுதுகிறார்கள். இன்டர்நெட் அவர்களுக்கு இன்ரர்நெற். அவர்கள் முறையில் எழுதினால் நம் ‘டோண்ட்’ ‘டோன்ற்’ ஆகும். ஆங்கிலத்துக்கு அதுதான் பக்கம். வகுப்பில் முதல் நாள் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். ‘ண்ட்’ என்று நோட்டில் எழுதியிருந்தால் அடித்துவிட்டு ‘ன்ற்’ என்று எழுதச் சொல்வேன். எழுத்து மாறினால் நாக்கும் பாதி மாறிவிடுகிறது. (கீழே நான் ‘ன்ட்’ என்று எழுதுவது படிக்க வசதிக்காக. நாக்கை மட்டும் மடிக்காதீர்கள்.)

முடிவில் சேர்கிற உகரத்தையும் கவனிக்க வேண்டும். தமிழில் ஒரு சொல் வல்லின மெய்யில் முடியாது. பாட்டு, காசு, நாக்கு என்று ஒரு குற்றியலுகரம் வந்து தாங்கிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் ‘டோன்ட்டு’, ‘வோன்ட்டு’ என்று ஆங்கிலச் சொல்லுக்கும் ஓர் உகரத்தைத் தந்துவிடுகிறோம். அதைத் தவிர்க்க ‘ட்’டை அழகாகச் சொல்ல முயலாதீர்கள், பாதியில் விட்டுவிடுங்கள். நாக்கு மேட்டில் போய் ஒட்டட்டும், அங்கேயே நிற்கட்டும், காற்றை வெளியே விடாதீர்கள். ‘ஐ டோன்ட்’, நாக்கு ஒட்டிய நிலையிலேயே அடுத்த சொல்லுக்குப் போங்கள்.

இப்போது ‘டிட்ன்ட்’. ‘செய்யவில்லை’ என்பதற்கான இந்தச் சொல்லை நம்மில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ‘டிடிண்ட்’ அல்லது ‘டிடெண்ட்’ என்போம், நடுவில் ஓர் உயிரெழுத்தைச் செருகி. அங்கே உயிர் கிடையாது. செய்து பாருங்கள்: ‘டிட்’ சொல்லுங்கள், நாக்கு மேட்டில் ஒட்டியிருக்கிறதா? அப்படியே இருக்கட்டும். எடுக்காமலே ‘ன்’ சொல்லுங்கள். காற்று வாய் வழியாகப் போகாமல் மூக்கு வழியாக ‘ட்ன்’ என்று வெடித்து வெளியே வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை சொன்னால் ‘டிட்’டோடு அடைத்துக்கொள்ளும். அடைத்துக்கொண்டால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். அடைக்காமல் ஏதாவது ஒலி வாய் வழியாக வந்தால், நாக்கை எடுத்துவிட்டீர்கள். முதலில் கொஞ்சம் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும். ஒரு வாரம் பல் துலக்கும்போது கண்ணாடி முன் நின்று சொன்னால் வந்துவிடும்.

அது வந்தால் நான்கு சொல் சேர்ந்தே வந்துவிடும்: டிட்ன்ட், குட்ன்ட், வுட்ன்ட், ஷுட்ன்ட். பின் மூன்றிலும் எழுத்தில் ஒரு ‘ல்’ இருக்கிறது, ஒலியில் இல்லை. ‘குல்ட்’, ‘ஷுல்ட்’ என்று அதையும் சேர்த்து உச்சரிக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். எழுத்தைப் பார்த்துப் படித்ததால் வந்த வினை. ‘மஸ்ன்ட்’ என்பதிலும் நடு ‘ட்’ ஊமை. ‘செய்யவே கூடாது’ என்று கண்டித்துச் சொல்லும் அந்தச் சொல்லை ‘மஸ்ட்நாட்’ என்று பிளந்தால் கோபமாகச் சொல்வதுபோல் தொனிக்கும்.

இஸ்ன்ட், வாஸ்ன்ட், டஸ்ன்ட், ஹேஸ்ன்ட் நான்கிலும் ‘ஸ்’ என்று நான் எழுதியிருப்பது பாம்பு சீறுகிற ‘ஸ்’ இல்லை. தேனீ ரீங்காரமிடுகிற ஒலி. தொண்டையில் விரலை வைத்தால் அதிர வேண்டும். தமிழில் இதற்கு எழுத்து இல்லாததால் நாம் எல்லாவற்றையும் சீற்றமாக்கிவிடுகிறோம். அமெரிக்காவின் தெற்கு மாநிலத்துக்காரர்கள் சிலர் இந்தத் தேனீயையும் விட்டுவிட்டு ‘இட்ன்ட்’, ‘வாட்ன்ட்’ என்பார்கள். முதல் தடவை அப்படிக் கேட்டபோது எனக்கு அது ஆங்கிலம் என்றே படவில்லை. நீங்கள் அப்படிப் பேச வேண்டாம், கேட்டால் புரிந்துகொண்டால் போதும்.

‘வோன்ட்’ தனியாக நேரம் ஒதுக்கிப் பழக வேண்டிய சொல். என் மாணவி ஒருத்தி வார்டு பொறுப்பாளரிடம் லீவு கேட்கிற மாதிரி நடித்துக் காட்டினாள். ‘எனக்கு லீவு வேண்டும்’ என்று சொல்ல நினைத்து அவள் சொன்னது, ‘நான் போக மாட்டேன்’ என்று கேட்டது. அவள் வாயில் இரண்டுமே ‘வாண்ட் லீவ்’ தான். வேண்டும் என்பது ‘வான்ட்’: வாய் திறந்திருக்கும், உதடு அசையாது. மாட்டேன் என்பது ‘வோஉன்ட்’: ஓகாரத்தில் தொடங்கி உகாரத்துக்கு வழுக்கிப் போகும், உதடு குவிந்துகொண்டே வரும். கண்ணாடியில் உதட்டைப் பாருங்கள். குவியவில்லை என்றால் நீங்கள் ‘வேண்டும்’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். ‘டோஉன்ட்’டும் இதே வழுக்கல்தான். ‘வில்’ என்ற சொல்லோடு ‘நாட்’ சேர்ந்தால் ஏன் ‘வோ’ வருகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் ‘வில்’லுக்கு ‘வொல்’ என்று ஓர் உருவம் இருந்தது. அந்த உருவம் தனியாகச் செத்துப்போய், இந்தச் சுருக்கத்துக்குள் மட்டும் உயிரோடு இருக்கிறது.

‘நாட்’ சேராத சுருக்கங்களுக்கு இதற்கு நேர் எதிரான பழக்கம் வேண்டும். அங்கே எல்லாம் தேய வேண்டும்.

‘நான்’ என்று தொடங்குகிறவற்றுக்கு நான் சொல்லித் தரும் வழி ஐம்பது. ஐம்பது என்று சொல்லத் தொடங்கி, ‘ஐம்’மோடு நிறுத்துங்கள். அதுதான் ஆங்கிலத்தின் ‘ஐம்’. ‘ஐ யாம்’ என்று ஒரு யகரத்தை நடுவில் நுழைக்கிற நம் ஊர் வழக்கம் உடனே ஒழிந்துவிடும். இன்னொரு படி இருக்கிறது. ஐம்பதை வீட்டில் எப்படிச் சொல்கிறோம்? அம்பது. ஐகாரக் குறுக்கம் என்று இலக்கணத்தில் படித்தோமே, ஐகாரம் தன் மாத்திரையில் குறைந்து ஒலிப்பது, அது ஆங்கிலேயர் வாயிலும் நடக்கிறது. வேகமாகப் பேசும்போது ‘ஐம் கோயிங்’ என்பது ‘அம் கோயிங்’ ஆகிவிடும். ‘ஐல் கால் யூ’ என்பது ‘அல் கால் யூ’ ஆகிவிடும். ஐம்பது அம்பதாகிற வாய்க்கு இது புது வேலை இல்லை. இந்த உவமையைச் சொன்னதும் வகுப்பில் முகங்கள் மலர்வதைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும்.

‘ஐ வில் கால் யூ’ என்று முழுசாகச் சொன்னால் மரியாதை என்று நினைக்கிறோம். கேட்கிறவருக்கு அது ‘கண்டிப்பாகக் கூப்பிடத்தான் போகிறேன், பாருங்கள்’ என்று பிடிவாதம் பிடிப்பதுபோல் இருக்கும். சாதாரணமாக ‘ஐல்’. அதே வரிசையில் யூல், ஹீல், ஷீல், வீல், தேல். இவற்றின் கடைசி ‘ல்’ நம் ‘கல்’, ‘பல்’ மாதிரி மெல்லியது இல்லை. நாக்கின் பின்பகுதி தொண்டைப் பக்கம் உயர்ந்து, ‘ஊ’ சொல்கிறபோது வாய்க்குள் இருக்கிற குகை மாதிரி ஓர் இடம் உண்டாகும். அந்தக் குகையை அப்படியே வைத்துக்கொண்டு நாக்கு நுனியால் ‘ல்’ போடுங்கள். ‘ள்’ளுக்கு மட்டும் போய்விடாதீர்கள்.

‘இட் வில்’ சுருங்கி ‘இட்டில்’ என்று நாம் சொல்கிற சொல்லுக்கு, அமெரிக்கர்களிடம் போனால், ஒரு தமிழ் எழுத்து காத்திருக்கிறது. இரண்டு உயிருக்கு நடுவில் சிக்குகிற ‘ட்’டை அவர்கள் நாக்கு நுனியால் ஒரே ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார்கள். அது நம் இடையின ‘ர’வேதான். மரம், கரம் என்பதில் வருகிற அதே தட்டு. ஆகவே ‘இட்டில் பி ஃபைன்’ என்பதை ‘இரல் பி ஃபைன்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘தேட்டில்’ என்பது ‘தேரல்’, ‘வாட்டில்’ என்பது ‘வாரல்’. இதை நான் சொன்னபோது முதலில் நம்பாமல், ஒரு பையன் பதிவு ஒன்றைப் பத்து முறை போட்டுக் கேட்டுவிட்டு வந்து, “அக்கா, நெசமாவே ‘ர’தான்க்கா” என்றான். பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கு இது தேவையில்லை.

‘ஹேவ்’ சுருங்கி ஒட்டிய ‘ஐவ்’, ‘யூவ்’, ‘வீவ்’, ‘தேவ்’ நான்கும் முடிகிற இடம் பல்லும் உதடும். மேல்பல் கீழுதட்டில் பட்டு அதிர வேண்டும். நம் ‘வ’ பல்லையும் முழுசாகத் தொடாது, உதட்டையும் முழுசாகக் குவிக்காது, நடுவில் நிற்கும். ‘வீவ்’ என்ற சொல்லில் ஆங்கிலத்தின் இரண்டு வகரமும் இருக்கிறது. முதல் ‘வீ’க்கு உதடு ‘உ’ மாதிரி குவிய வேண்டும், பல் படக்கூடாது. கடைசி ‘வ்’வுக்குப் பல் பட வேண்டும், உதடு குவியக்கூடாது. இந்த ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டால் வகரத் தகராறு முழுசும் தீர்ந்தது.

இதே ‘வ்’ குடவ், வுடவ், ஷுடவ் என்று இன்னொரு சொல்லோடு ஒட்டும்போது கிட்டத்தட்டக் கரைந்துவிடும். ஆங்கிலேயர்களிலேயே பலர் இந்த ‘அவ்’வை ‘ஆஃப்’ என்ற வேறு சொல்லாக நினைத்து அப்படியே எழுதிவிடுகிறார்கள், அந்த அளவுக்கு இரண்டும் ஒரே ஒலி. அர்த்தம் நம் ‘-இருக்கலாம்’, ‘-இருக்கணும்’: சொல்லியிருக்கலாம் என்றால் ‘குடவ் செட்’, சொல்லியிருக்கணும் என்றால் ‘ஷுடவ் செட்’. சொல்லியிருக்கக் கூடாது என்றால் ‘ஷுட்ன்டவ் செட்’, சுருக்கத்தின் மேல் சுருக்கம். எழுத்தில் இதைப் பார்ப்பது அபூர்வம், பேச்சில் தினமும் கேட்பீர்கள்.

காதுக்குக் கடினமானது ‘ஐ வுட்’, ‘ஐ ஹேட்’ சுருங்கிய ‘ஐட்’. ‘ஐ லைக் காஃபி’ என்றால் எனக்குக் காபி பிடிக்கும். ‘ஐட் லைக் காஃபி’ என்றால் ஒரு காபி கொடுங்கள். நடுவில் நாக்கு மேட்டைத் தொட்டுவிட்டு வருகிற ஒரு நொடிதான் வித்தியாசம். நோயாளி எது சொல்கிறார் என்று கேட்கத் தெரியவில்லை என்றால், ‘அப்படியா, நல்லது’ என்று சிரித்துவிட்டு வந்துவிடுவோம், அவர் காபிக்குக் காத்துக்கொண்டிருப்பார். சொல்கிறபோது ‘ஐட்’டின் ‘ட்’டை மென்மையாகப் போடுங்கள், நாடு, காடு என்பதில் வருகிற மென்மை, ஆனால் நாக்கு மடியாமல். ‘ஐட் பெட்டர் கோ’ மாதிரி இடங்களில் அவர்களே அந்த ‘ட்’டை விட்டுவிட்டு ‘ஐ பெட்டர் கோ’ என்பார்கள்.

ஹீஸ், ஷீஸ், தேர்ஸ் இவற்றில் தேனீ. இட்ஸ், தேட்ஸ், வாட்ஸ், லெட்ஸ் இவற்றில் பாம்பு. முன்னால் ட், ப், க், ஃப் மாதிரி தொண்டை அதிராத ஒலி வந்தால் பாம்பு, இல்லாவிட்டால் தேனீ. ‘இஸ்’ஸா ‘ஹேஸ்’ஸா என்பது ஒலியில் தெரியாது, அடுத்த சொல்லில்தான் தெரியும்: ‘ஹீஸ் ஈட்டிங்’ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், ‘ஹீஸ் ஈட்டன்’ சாப்பிட்டுவிட்டார்.

‘யூ ஆர்’ சுருங்கிய ‘யூர்’ என்பது ‘உன்னுடைய’ என்ற சொல்லோடும், ‘தே ஆர்’ சுருங்கிய ‘தேர்’ என்பது ‘அங்கே’, ‘அவர்களுடைய’ இரண்டோடும் ஒலியில் ஒன்றே. பிரித்துச் சொல்ல முயலவே வேண்டாம். ‘வியர்’ மட்டும் தனி. நாம் மூன்று சொல்லை ஒரே ‘வேர்’ ஆக்கிவிடுகிறோம். ‘நாங்கள் இருக்கிறோம்’ என்பது ‘வியர்’, ‘இருந்தோம்’ என்பது வாய் பாதி மூடிய ‘வர்’, ‘எங்கே’ என்பதுதான் ‘வேர்’. ‘வியர் ரெடி’, ‘வி வர் ரெடி’, ‘வேர் வர் யூ’ என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பழகுங்கள். ‘இருக்கவில்லை’ என்பது ‘வர்ன்ட்’, ‘ஆர்ன்ட்’ மாதிரியே ஒரே அசைக்குள் முடிய வேண்டும்.

சில சுருக்கங்களை நாம் சுருக்கம் என்றே தெரியாமல் பயன்படுத்துகிறோம். ‘ஓ க்ளாக்’ அப்படி ஒன்று; ‘கடிகாரத்தின்படி’ என்பது மூன்று சொல்லாக இருந்து தேய்ந்தது. அந்த ‘ஓ’வை நீட்டாமல் ‘அ-க்ளாக்’ என்று லேசாகச் சொல்லுங்கள். ‘மேடம்’ தேய்ந்து ‘மேம்’. ‘யூ ஆல்’ தேய்ந்து ‘யால்’, டெக்சாஸ் பக்கம் கூப்பிடுகிறவர்கள் எனக்கு அந்தச் சொல்லால்தான் வணக்கமே சொல்வார்கள்.

எங்கே சுருக்கக்கூடாது என்பதும் உச்சரிப்புதான். வாக்கியம் முடிகிற இடத்தில் தேய்ந்த உருவம் நிற்காது. ‘யெஸ், ஐம்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘யெஸ், ஐ ஆம்’. ‘ஐ நோ வேர் ஹீ இஸ்’, அங்கே ‘ஹீஸ்’ வராது. ஆனால் ‘நாட்’ சேர்ந்தவை கனமானவை என்பதால் கடைசியிலும் தாராளமாக நிற்கும்: ‘நோ, ஐ கேன்ட்’, ‘நோ, ஐ டோன்ட்’.

கனா (கோயிங் டு), வானா (வான்ட் டு), காரா (காட் டு), லெம்மி (லெட் மீ), கிம்மி (கிவ் மீ), டனோ (டோன்ட் நோ) போன்றவற்றை முதலில் காதுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கு வேண்டும் என்றால் ‘கனா’ ஒன்று போதும், அதுவும் வினைச்சொல்லுக்கு முன்னால் மட்டும். ‘ஐம் கனா ஈட்’ சரி. ‘ஐம் கனா மதுரை’ எந்த ஊரிலும் கிடையாது. ‘செய்தாக வேண்டும்’ என்பதை ‘ஹேவ் டு’ என்று பிரிக்காமல் ‘ஹேஃப்டு’ என்று ஒட்டிச் சொல்லுங்கள், அது கொச்சை இல்லை, எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ‘இல்லை’ என்பதற்குச் சிலர் கொச்சையாகச் சொல்கிற ‘எய்ன்ட்’ வேண்டவே வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடாதீர்கள். முதல் வாரம் ‘க்ன்’, ‘கேன்ட்’ மட்டும். இரண்டாவது வாரம் மூக்கு வழி வருகிற நான்கும். மூன்றாவது வாரம் ஐம்பது. தினம் பத்து நிமிஷம் செல்போனில் பதிவு செய்யுங்கள், ஆனால் அன்றே கேட்காதீர்கள். அன்று கேட்டால் நாம் சொல்ல நினைத்ததுதான் காதில் விழும். மறுநாள் காலையில் கேட்டால் உண்மையில் சொன்னது விழும்.

வாரக் கடைசியில் ஒரு சோதனை வையுங்கள். வீட்டில் ஆங்கிலம் தெரிந்த யாரையாவது உங்களுக்கு முதுகு காட்டி உட்காரச் சொல்லுங்கள், கையில் தாளும் பேனாவும் இருக்கட்டும். நீங்கள் பத்து வாக்கியத்தை ஏற்கெனவே எழுதி வைத்திருக்க வேண்டும், ஐந்தில் ‘க்ன்’, ஐந்தில் ‘கேன்ட்’, கலந்து. ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். திரும்பச் சொல்லக்கூடாது, தலையாட்டக்கூடாது. அவர் ‘முடியும்’, ‘முடியாது’ என்று மட்டும் குறித்துக்கொண்டே வரட்டும். கடைசியில் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எட்டு பொருந்தினால் போதும் என்று நான் விடுவதில்லை. பத்தும் பொருந்துகிற வரைக்கும் மறுபடி முதல் வாரம்தான்.